ஒட்டக மரத்து மேகம்

காட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் மரம் ஏறிய ஷெர்மத், மத்தியானம் தாண்டியும் இறங்கவில்லை.

முதலில் அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அக்ரூட் மரத்தில் ஏறியவன் அரைநாள் மேலேயே கிடப்பது அந்தச் சரிவில் வழக்கம்தான். கிளைக்குக் கிளை தாவுவான். ஒரு கிளையைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொன்றைக் காலால் மிதித்து உலுக்குவான். கீழே காய் கொட்டும். தொலி வெடித்த காய் 'டக்'கென்று விழும். வெடிக்காத பச்சைக் காய் 'தொப்'பென்று விழும். தலையில் துணியைத் தடியாகச் சுற்றிக்கொண்டு பெண்கள் ஓரத்தில் காத்திருப்பார்கள். கொட்டி ஓய்ந்ததும் வாளியோடு உள்ளே நுழைவார்கள்.

அன்று ஒரே ஒரு கிளைதான் கொட்டியது. பிறகு சத்தமே இல்லை.

மஸ்தூரா காய்க் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் சின்ன மரங்களில் உலுக்கிய காய்களில் தொலி வெடிக்காததையெல்லாம் குவித்து, இலை போட்டு, சாக்கு மூடி வைத்திருந்தார்கள். இரண்டு நாள் உள்ளுக்குள் வியர்த்துப் புழுங்கியதில் பச்சைத் தொலி கறுத்து நெகிழ்ந்திருந்தது. காயைக் கல்லில் வைத்துக் குதிகாலால் ஒரு திருகு. தொலி கழன்றுவிடும். கழலாததற்குக் கத்தி. சாறு விரலில் பட்ட உடனே மஞ்சள். ஒரு நாழிகையில் பழுப்பு. சாயந்திரம் ரொட்டியைப் பிய்க்கும்போது பார்த்தால் கரிக்கட்டை. எலுமிச்சை தேய்த்தாலும் போகாது, சாம்பல் தேய்த்தாலும் போகாது. பனி விழுகிற வரைக்கும் அர்ஸ்லான்போப் ஊரில் வெள்ளைக் கையோடு ஒருத்தரைப் பார்ப்பது கஷ்டம்.

அந்தத் தொலி வாசனைக்கு ஒரு மயக்கம் உண்டு. கசப்பும் ஈரமும் கலந்து நெற்றிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அக்ரூட் நிழலில் தூங்காதே, தூங்கி எழுந்தால் வேறு வருஷத்தில் எழுந்திருப்பாய் என்று அங்கே சொல்வார்கள். மஸ்தூராவுக்குக் காலையிலிருந்தே அப்படித்தான் இருந்தது. இடுப்பில் வேறு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"என்னடி, ஒரு சத்தத்தையும் காணோம்?" என்றாள் கும்ரி. ஷெர்மத்தின் அக்கா. புருஷன் செத்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். ஐம்பது வயது, நாக்குக்கு மட்டும் இருபது. கையில் இருந்த காயைப் போட்டுவிட்டு எழுந்து, மரத்தடிக்குப் போய் அண்ணாந்தாள்.

"டேய் ஷெர்மத்! தூங்கிட்டியா?"

மேலே இலைக்குள்ளிருந்து, "இல்ல" என்று குரல் வந்தது.

"பெறகு என்ன பண்றே?"

"சும்மா இருக்கேன்."

"சும்மா இருக்கறதுக்குக் கீழயே எடம் இருக்கேடா! அம்பதடி மேல போயா சும்மா இருப்பாங்க?"

பக்கத்துக் குடும்பத்துப் பங்கு மரத்தின் உச்சியிலிருந்து ஹைதரலி சிரித்தான். அவன் வாய் ஓய்ந்து அந்தச் சரிவில் யாரும் பார்த்ததில்லை. மரம் ஏறினால் இன்னும் மோசம். பாட்டு, விசில், நையாண்டி.

"அக்கா, மச்சான் அடைகாக்குறாரு! விட்டுடுங்க! இருபத்தோரு நாள் ஆகும் குஞ்சு பொரிக்க!"

கீழே அவன் மனைவி சனோபர் சிரித்தாள். சரிவுக்கு மேலே யாரோ சிரித்தார்கள். மஸ்தூரா சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு மெல்ல எழுந்தாள்.

அந்த மரத்துக்கு ஒட்டக மரம் என்று பேர். அடிமரம் ஆள் உயரத்தில் ஒரு திமில் போலப் புடைத்திருக்கும். அதில் கால் வைத்துத்தான் ஏற வேண்டும். அவர்கள் பங்குக்கு வந்த பதினோரு மரங்களில் அதுதான் பெரியது, அதுதான் அதிகம் காய்ப்பது. பதினெட்டு வயதிலிருந்து ஷெர்மத்தான் அதில் ஏறுகிறான். வெறுங்கால். கயிறு கிடையாது. ஷெர்மத் ஏறினால் மரத்துக்கே தெரியாது என்று ஊரில் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் மஸ்தூராவுக்கு அவனை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி கண்டுவிட்டது.

இப்போது அண்ணாந்ததும் அவளுக்கு அவன் பாதம்தான் தெரிந்தது. இலைகளுக்கு நடுவே, நடுக்கவையில், இரண்டு பாதம். கால்விரல்கள் கிளையைக் கவ்விப் பிடித்திருந்தன. விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. பதினைந்து வருஷத்தில் அந்தக் கால் ஒரு கிளையை இப்படிக் கவ்வி அவள் பார்த்ததில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏங்க."

"நீ எதுக்கு வந்தே? போய் உக்காரு. காய் விழும்."

"நீங்க உலுக்கவே இல்லையே. எப்படி விழும்?"

கும்ரி நாலடி தள்ளிப் போகிற வரை பொறுத்து, மெதுவாகச் சொன்னான்.

"கால் வரமாட்டேங்குது, மஸ்தூரா."

காட்டுக்கு வருகிற வழியில் சுனையில் கழுதை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் அவனிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். நாலு மாசம் முடிந்து அஞ்சாவது நடக்கிறது என்று. இதற்கு முன்னால் நாலு தடவை தங்கியிருக்கிறது. நாலும் நாலாவது மாசம் முடிவதற்குள் போய்விட்டது. ஒன்றுகூட வயிற்றுக்குள் அசைகிற வரைக்கும் வந்ததில்லை. அதனால்தான் இந்தத் தடவை அந்தக் கெடு தாண்டுகிற வரை வாயைத் திறக்கக் கூடாது என்று வைத்திருந்தாள். கும்ரிக்கும் தெரியாது.

கேட்டதும் ஷெர்மத் அவள் முதுகில் இருந்த மெத்தைக் கட்டை அவிழ்த்துத் தன் முதுகில் போட்டுக்கொண்டான். கழுதை காலி முதுகோடுதான் வந்தது. அதில் வைக்கலாமே என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை. மெத்தைக் கட்டைச் சுமந்துகொண்டே மலை ஏறி வந்தான். இரண்டு நாள் சின்ன மரங்களையே சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றாம் நாள்தான் ஒட்டக மரம்.

ஹைதரலி தன் மரத்திலிருந்து இறங்கி, தோளில் கயிற்றைப் போட்டுக்கொண்டு வந்தான்.

"என்ன மச்சான், காத்துக் கறுப்பு அடிச்சிடுச்சா? இருங்க, நான் ஏறி உங்க இடுப்புல கயித்தக் கட்டி, பானை எறக்கற மாதிரி எறக்கிடறேன்."

திமிலில் ஒரு காலை வைத்து உந்தினான். மரம் துளி அசைந்திருக்கும்.

"தொடாதே!"

அந்தக் குரலை அங்கே யாரும் அதுவரை கேட்டதில்லை. ஹைதரலி காலை எடுத்துவிட்டான். சிரிப்பு முகத்திலேயே நின்றுபோனது.

"ஆளைக் கூட்டிட்டு வரேன்," என்றான் கும்ரியிடம். "மேல் பங்குல நீள ஏணி இருக்கு. நாலு பேராப் பிடிச்சா..." மீதியைச் சொல்லாமல் சரிவில் ஏறிப் போனான்.

கும்ரி கண்ணேறுக்குப் போடுகிற இசிரிக் செடியை அடுப்பில் கொளுத்திக்கொண்டு வந்து மரத்தைச் சுற்றிப் புகை காட்டினாள். மேலே இருமல் கேட்டது. "இருமறான். உசிரு இருக்கு," என்றாள். அப்போதுதான் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறத் தொடங்கியது. பபாஷ் அத்தா மலையின் பனிமுடி முதலில் மறைந்தது. அப்புறம் எதிர்ச் சரிவு. அப்புறம் ஹைதரலியின் மரம். "அய்யய்யோ, உரிச்ச காய் வெளிய கெடக்கு, நனைஞ்சா கறுத்துப் போகும்" என்று கும்ரி கூடாரத்துப் பக்கம் ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் ஒட்டக மரமும் இல்லை. மஸ்தூராவின் கை தொட்டுக்கொண்டிருந்த திமில் மட்டும் இருந்தது. மற்றதெல்லாம் வெள்ளை.

"இருக்கியா?" என்றது வெள்ளைக்குள்ளிருந்து ஒரு குரல்.

"இங்கதான் இருக்கேன்."

"உன்னைத் தெரியல."

"எனக்கும் உங்களைத் தெரியல. மரமே பேசற மாதிரி இருக்கு."

இலைகளிலிருந்து ஈரம் சொட்டியது. எங்கோ ஒரு மாட்டின் கழுத்துமணி கேட்டது. அது மேலேயா கீழேயா என்று சொல்ல முடியவில்லை.

"இருபத்திமூணு வருஷமா ஏறறேன்," என்றான் ஷெர்மத். தரை தெரியாததால் குரலில் நடுக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது. "ஒரு நாளும் கீழ எவ்வளவு தூரம்னு பாத்ததில்ல. இன்னைக்குப் பாத்துட்டேன்."

"ஏன் பாத்தீங்க?"

"நீ குனிஞ்சு காய் பொறுக்கினே. அப்புறம் இடுப்புல ஒரு கையை வச்சு நிமிந்தே. அதைப் பாத்தேன். பாத்ததும் கால் நின்னு போச்சு." மூச்சு விட்டான். "இத்தன வருஷமா எனக்கு எடையே இல்லடி. விழுந்தாலும் இலை மாதிரிதான் விழுவேன்னு ஒரு நெனப்பு. இப்ப எடை வந்துடுச்சு. இந்தக் கிளை தாங்குமான்னு இருக்கு."

"நான் சொல்லாம இருந்திருக்கணும்."

"சொல்லாம இருந்திருந்தா அதுக்கு ஒரு சண்டை போட்டிருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இடுப்பு இழுத்ததால் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள்.

"மஸ்தூரா, அந்த நாலு தடவையும் நீ அழுதே. நான் மறுநாளே கோடாரியை எடுத்துட்டு வெளிய போயிட்டேன். கல்லுன்னு நெனச்சிருப்பே என்னை."

பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். மேகத்துக்குள் நின்று பொய் சொல்ல வரவில்லை.

"நெனச்சேன்."

"வெட்டவெல்லாம் போகல. இங்கதான் வந்தேன். இந்தக் கவையிலதான் உக்காந்திருப்பேன். இங்க யாரும் பாக்க மாட்டாங்கல்ல. மூணாவது போனது தை மாசக் குளிர்ல. இலையே இல்லாத மரத்துல ஏறி உக்காந்திருந்தேன். ஹைதரலி பாத்துட்டான். என்ன மச்சான், பனியை உலுக்கிக் கீழ போடறீங்களான்னான். ஆமான்னு சொல்லி ரெண்டு கிளையை உலுக்கினேன்."

மஸ்தூரா திமிலில் நெற்றியை வைத்துக்கொண்டாள். நாலாவது போனது காய் உலுக்கும் காலத்தில். ஒரு வாரம் படுத்துவிட்டு அவளும் காட்டுக்கு வந்திருந்தாள். இதே மரத்தடியில் சனோபரும் கும்ரியும் அவளைச் சிரிக்க வைப்பதற்காகப் பாட்டுப் பாடிக்கொண்டே காய் பொறுக்கினார்கள். மேலேயிருந்து காய் மழையாகக் கொட்டியது. அந்த வருஷம் கொட்டியது போல எந்த வருஷமும் கொட்டவில்லை.

"நாங்க கீழ பாடிட்டிருந்தோமே," என்றாள்.

"கேட்டுச்சு."

மஸ்தூரா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"நானும் ஒண்ணு சொல்றேன். பதினஞ்சு வருஷமா நீங்க ஏறும்போதெல்லாம் நான் காயைப் பாத்ததே இல்ல. உங்க காலைத்தான் பாப்பேன். எங்க வைக்கிறீங்க, எப்ப எடுக்கறீங்கன்னு. நீங்க தரையில கால் வச்ச பெறகுதான் எனக்கு மூச்சு வரும். இந்த மரம் எனக்கு மனப்பாடம். நான் சொல்றேன், எறங்குங்க."

"ஏணி வருது."

"ஏணி உங்க கவை வரைக்கும் எட்டாது. உங்களுக்கும் தெரியும். முகத்தை மரத்துப் பக்கம் திருப்புங்க."

இலை சலசலத்தது. ஒரு காய் விழுந்து உருண்டது.

"திரும்பிட்டேன்."

"இடது காலைக் கீழ விடுங்க. ஒரு முழம். வெட்டுன கிளையோட முண்டு ஒண்ணு இருக்கும்."

"இல்ல."

"இருக்கு. பெருவெரலால தேடுங்க."

மரத்தில் தோல் உரசுகிற சத்தம்.

"இருக்கு."

"இப்ப வலது கால். அதுக்கும் கீழ பட்டை ரெண்டாப் பிளந்திருக்கும். ஓரத்துல வைக்காதீங்க, உள்ள வைங்க. போன வருஷம் ஓரத்துல வச்சு வழுக்கினீங்க."

"அதைக்கூடவா பாத்தே?"

"பேசாம வைங்க."

அப்படியே இறங்கினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தால் வெள்ளைதான். மூடினால் மரம் தெளிவாகத் தெரிந்தது. வெயில் விழுந்த மரம், அதில் முப்பது வயதில் இருந்த ஷெர்மத் பூனை மாதிரி இறங்கி வருகிறான். அவன் கால் வைக்கிற இடத்தையெல்லாம் அவள் வாயால் தொட்டுக்கொண்டே வந்தாள். ரெண்டு கையும் அந்தக் கொம்புல. இடுப்பை மரத்தோட ஒட்டுங்க. இடது கால், ஒட்டகக் கழுத்து மாதிரி வளையுமே, அது மேல. இப்ப வலது கால், சாணுக்குக் கீழ ஒரு குட்டிக் கிளை.

"இல்ல மஸ்தூரா."

"தேடுங்க."

"நிஜமாவே இல்ல. ஒடஞ்சு போயிருக்கு. பனியில ஒடஞ்சிருக்கும்." குரல் மறுபடியும் மேலே ஏறியது. "காலு தொங்குது. கை வழுக்குது. ஈரம்."

அந்தக் கிளை இல்லாமல் அவன் இறங்கி அவள் பார்த்ததில்லை. எல்லா வருஷத்தையும் மனசுக்குள் புரட்டினாள். வெயில், வெயில், வெயில். ஒரே ஒரு வருஷம் மழை. அந்த வருஷம் இந்தப் பக்கம் பாசி பிடித்து வழுக்கியதால் அவன் மறுபக்கமாகச் சுற்றி இறங்கினான். கும்ரி மதினிகூட, "என்னடா, மாப்பிள்ளை ஊர்வலமா, சுத்திச் சுத்தி வரே?" என்று கேட்டாள்.

"மரங்கொத்திப் பொந்து," என்றாள். "உங்களுக்கு வலது பக்கம். தோள் உயரத்துல. கையை உள்ள விடுங்க."

"குருவி இருந்தா?"

"இருந்தா கொத்தும். விடுங்க."

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

"பிடிச்சிட்டேன்."

"உடம்பை அந்தப் பக்கம் கொண்டு போங்க. வலது காலுக்கு ஒரு பெரிய கணு வரும்."

"வந்துடுச்சு."

"இனிமே ஒண்ணுமில்ல. இன்னும் நாலு எட்டு. ஒண்ணு. ரெண்டு."

வெள்ளைக்குள்ளிருந்து முதலில் ஒரு குதிகால் வந்தது. மஸ்தூரா கையை நீட்டிக் கணுக்காலைப் பிடித்து, திமிலின் மேல் வைத்தாள். ஐஸ் மாதிரி சில்லென்றிருந்தது.

ஏணியோடு நாலு பேர் வந்து சேர்ந்தபோது ஷெர்மத் வேரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஹைதரலி மேலேயும் கீழேயும் பார்த்தான்.

"எப்படி எறங்கினாரு?"

"கால்லதான்," என்றாள் கும்ரி. "வேற எதுல எறங்குவாங்க?"

மஸ்தூரா எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. கும்ரியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, என்னைக் கூடாரத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்த கும்ரிக்கு, சொல்லாமலே எல்லாம் விளங்கிவிட்டது. கூடாரத்துக்குள் போய்ப் பார்த்தால் உள்ளாடையில் ரத்தம். பொட்டு அளவுதான். நாலு தடவையும் முதலில் பொட்டு அளவுதான்.

ஊரே காட்டில் இருந்ததால் ஊர் நர்ஸும் காட்டில்தான் இருந்தாள். பஹ்ரிநிசா அடுத்த சரிவில் தன் பங்குக் காயை உரித்துக்கொண்டிருந்தவள், பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மணிக்கட்டு வரைக்கும் கறுப்பு. கையுறை மாட்டிப் பார்த்தாள், குழல் வைத்துக் கேட்டாள், நாடி பார்த்தாள்.

"குழந்தைக்கு நெஞ்சு துடிக்கிற மாதிரிதான் இருக்கு. சத்தியம் பண்ண மாட்டேன். படு. எழுந்திரிக்காத."

"கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாமா?" என்றாள் கும்ரி.

"இந்தப் பாதையிலயா? கழுதை மேலயும் வேண்டாம், லாரியிலயும் வேண்டாம். குலுங்கறதே போதும். ரத்தம் கூடினா சொல்லுங்க, நாலு பேர் மெத்தையோட தூக்கிட்டுப் போகலாம். அது வரைக்கும் இங்கயே கெடக்கட்டும்." பையை மூடினாள். "மரத்தை உலுக்கற காலம். இவளை மட்டும் யாரும் உலுக்காதீங்க."

வெளியே வந்த கும்ரி தம்பிக்கு நேராக நின்றாள். அவள் திட்டப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"ஏன்டா எங்கிட்டச் சொல்லல?"

"அவளே எங்கிட்ட மூணு நாள் முன்னாடிதான் சொன்னா."

"சரி." முக்காட்டுத் துணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மரத்துக்கு என்ன பண்ணப் போறே?"

"நான் இனிமே ஏறல அக்கா."

ஏணி கொண்டுவந்த நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஷெர்மத் குரலைத் தாழ்த்தவில்லை. "பயமா இருக்கு. ஏறல."

அந்தச் சரிவில் ஒரு ஆம்பிளை அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஒருத்தன் ஏணியை மாற்றித் தோளில் வைத்தான். ஹைதரலிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினான். "உங்க மரத்தை நான் உலுக்கறேன். என் காயை நீங்க உரிச்சுக் குடுங்க. சனோபருக்கு மணிக்கட்டு வீங்கிக் கெடக்கு."

மறுநாளிலிருந்து ஷெர்மத் பெண்களோடு உட்கார்ந்து தொலி உரித்தான். ஆரம்பத்தில் நன்றாகவே வரவில்லை. குதிகாலால் திருகச் சொன்னால் ஓட்டோடு சேர்த்து நசுக்கிவிடுவான். கத்தியைக் கொடுத்தால் விரலை வெட்டிக்கொள்வான். "மரத்தை மிதிக்கிற மாதிரி மிதிக்காதீங்கண்ணே, குழந்தை முதுகைத் தட்டற மாதிரி," என்றாள் சனோபர். சொல்லிவிட்டு, எதைச் சொன்னோம் என்று உறைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தர்பூசணியும் இறைச்சி வைத்துச் சுட்ட சம்சாவும் விற்கிறவன் கழுதையோடு வந்தான். காட்டில் காசு எதற்கு. ஒரு வாளி காயைக் கொட்டினால் ஒரு பழம் கொடுப்பான். ஷெர்மத்தைப் பார்த்ததும் அவனுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

"ஷெர்மத் அக்கா, சௌக்கியமா? முக்காடு போடலையா?"

"வா தம்பி, உக்காரு," என்றாள் கும்ரி. "உன் தலையையும் வைச்சு ஒரு திருகு திருகிப் பாக்கறேன். உள்ள பருப்பு இருக்கா, பூச்சி அரிச்சிடுச்சான்னு தெரிஞ்சு போகும்."

ஷெர்மத்தும் சிரித்துவிட்டான். கூடாரத்துக்குள் படுத்திருந்த மஸ்தூராவுக்கு அந்தச் சிரிப்புக் கேட்டது.

அவளுக்கு நாட்கள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துகொண்டிருந்தன. கூடாரத்தின் மேல் நீலத் தார்ப்பாய். காலையில் வெயில் அதன் வழியாக வந்து எல்லாவற்றையும் நீலமாக்கும். கெட்டில் நீலம், ரொட்டி நீலம், அவள் கை நீலக் கறுப்பு. வெளியே காய் கழல்கிற சத்தம், தொலி கூடையில் விழுகிற சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே தூங்குவாள். விழித்தால் அதே சத்தம் நடந்துகொண்டிருக்கும். உருளைக்கிழங்கைத் தணலில் சுட்டு, தோலை நீக்கி, உப்புத் தொட்டு ஷெர்மத் ஊட்டுவான். புதுக் காயை உடைத்து, பருப்பின் மேல் இருக்கிற கசப்புத் தோலையும் நகத்தால் உரித்து, பால் வெள்ளையாக அவள் உள்ளங்கையில் வைப்பான். அவன் கை இப்போது அவள் கையைவிடக் கறுத்திருந்தது.

மூன்றாம் நாள் பொட்டு நின்றது. அவள் யாரிடமும் சந்தோஷமாகச் சொல்லவில்லை. கும்ரி துணியைப் பார்த்துவிட்டுப் போனாள். போகும்போது அவள் வாய் எதையோ ஓதிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் சாயந்திரம் தார்ப்பாய்க்கு வெளியே ஷெர்மத்துக்குப் பக்கத்தில் ஹைதரலி குத்துக்காலிட்டு உட்கார்வது நிழலாகத் தெரிந்தது. ஒரு காயை எடுத்து உருட்டினான். அவன் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே செய்தி.

"மச்சான், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு மேகத்துக்குள்ள மஸ்தூரா உங்ககிட்ட என்ன சொல்லுச்சு?"

"ஏன்?"

"சும்மாதான்."

காய் உருண்டது.

"எனக்கும் ரெண்டு வருஷமாக் கால் கூசுது மச்சான்," என்றான் ஹைதரலி. "மேல போனா உள்ளங்கால்ல எறும்பு ஊர்ற மாதிரி. அதான் சத்தமாப் பேசிட்டே ஏறறது. வாய் நின்னா கீழ பாத்துடுவேன்."

ஷெர்மத் கத்தியைக் கீழே வைப்பது கேட்டது.

"கால் எங்க வைக்கணும்னு சொன்னா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மறுநாள் காலை ஒட்டக மரத்தின் முதல் கவையிலிருந்து ஹைதரலி கூப்பிடுவது சரிவு முழுக்கக் கேட்டது.

"சனோபர்! இங்க வந்து நில்லு!"

"எதுக்கு? கை வேலையா இருக்கேன்!"

"வந்து நின்னு பேசு!"

"என்னத்தப் பேச?"

"எதையாவது பேசு! என் காலைப் பாத்துப் பேசு!"

"பதினெட்டு வருஷமா வாயை மூடு, வாயை மூடுன்னீங்களே!"

"இப்பத் தெறடி!"

சிரிப்பு மரத்துக்கு மரம் தாவிப் போனது. ஆனால் சனோபர் போனாள். மரத்தடியில் நின்று அண்ணாந்தாள். சண்டை இல்லாத ஒரு குரலில், "அந்தக் கிளை காஞ்சு கெடக்குங்க, அதுல வேண்டாம். இந்தப் பக்கம் வாங்க" என்றாள். ஒட்டக மரம் கொட்டத் தொடங்கியது.

அது எப்படிப் பரவியது என்று யாருக்கும் தெரியாது. அந்த வாரம் மேல் பங்கில் ஒருத்தி மரத்தடியில் நின்றாள். அப்புறம் சுனைக்கு அந்தப் பக்கம். கேட்டால், காய் எங்கே தங்கியிருக்கிறது என்று காட்டுவதற்காக நிற்கிறேன் என்பார்கள். ஏறினவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

ஒரு மத்தியானம் மறுபடியும் மேகம் ஏறியது. நீலம் போய்க் கூடாரத்துக்குள் சாம்பல் வெளிச்சம் வந்தது. மஸ்தூரா பாதித் தூக்கத்தில் இருந்தாள். மேகத்துக்குள் காடு முழுக்கப் பெண்களின் குரல் கேட்டது. யார் குரல், எந்த மரம் என்று தெரியவில்லை. இடது காலு. இன்னும் கொஞ்சம் கீழ. அவசரப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். சில ஆண்களின் குரலும் பதிலுக்கு வந்தது. எல்லாரும் தாழ்ந்த குரலில்தான் பேசினார்கள். மேகம் அவற்றைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தது. கூடாரத்துக்கு மேலே நீண்டிருந்த கிளையிலிருந்து எப்போதாவது ஒரு காய் தானாகக் கழன்று தார்ப்பாயில் விழும். டக். உருண்டு போகும்.

டக்.

மஸ்தூரா கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள். தார்ப்பாய் அசையவில்லை. உருண்டு போகிற சத்தமும் வரவில்லை.

மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருந்தாள். குரல்களெல்லாம் தள்ளிப் போய்விட்டன. மறுபடியும் வந்தது. மேலேயிருந்து இல்லை. தொப்புளுக்குக் கீழே, இடது பக்கம், உள்ளேயிருந்து.

"ஏங்க."

வெளியே வேலை நின்றது. ஷெர்மத் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வந்தான். எதிலும் பட்டுவிடாமல் இரண்டு கையையும் முன்னால் தூக்கிப் பிடித்திருந்தான். முகத்தில் ரத்தம் இல்லை.

"என்ன? வலிக்குதா? பஹ்ரிநிசாவைக் கூப்பிடட்டுமா?"

"பேசாதீங்க. கையைக் குடுங்க."

"கறுப்பா இருக்குடி. சாறு இருக்கு. துணியெல்லாம் ஆயிடும்."

"ஆகட்டும்."

கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். ஒன்றுமில்லை. ஷெர்மத் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள், இரு என்று. மேகத்துக்குள் யாரோ ஒருத்தி, வந்துட்டீங்க, இன்னும் ஒரே எட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவன் உள்ளங்கைக்கு அடியில் டக்கென்று ஒரு தட்டு. மெத்தை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"டேய் ஷெர்மத்!" வெளியே கும்ரி கத்தினாள். "சாக்கைத் திறந்து போட்டுட்டு எங்கடா போனே? காய் நனையுது!"

ஷெர்மத் கையை எடுக்கவில்லை.